இரவல் உடையில் இருவர்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் வாக்கு. அவ்வாறு சொல்லும் நாவே, "இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்றும் எச்சரிக்கின்றது. முன்னது ஆடையின் பெருமையைப் பேசுவது. பின்னது இரவல் ஆடைக்கு எல்லை கட்டுவது. இவ்விரு பழமொழிகளுக்கும் நடுவே நின்று, பிறநாட்டார் உடையை உடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பொன்று எமக்கும் எம் மனைவியாருக்கும் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், யப்பானின் பழந்தலைநகராகிய கியோட்டோவிலே, அந்நாட்டு மரபுடையாகிய கிமோனோவை அணிந்து நாம் இருவரும் கமராவின் முன் நின்றோம்.

இதனை ஒரு பயண வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை. அயல்நாடு செல்லும் நம் இளைஞர் பலர் இன்று அவ்வந்நாட்டு உடையிலே படமெடுத்து வீட்டுக்கு அனுப்புகின்றனர். பிறர் உடையை நாம் அணிதல் தகுமா, அணிவதாயின் எவ்வாறு அணிவது என்ற கேள்விகளும் உலகெங்கும் எழுந்துள்ளன. எமக்கு இக்கேள்விகள் ஏட்டிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தன.

படம் இல்லாத கலியாணம்

எமக்கு 1986ஆம் ஆண்டிலே திருமணம் நடந்தது. வலிகாமத்தில், வீட்டு முற்றத்துப் பந்தலிலே தாலி கட்டினோம். அன்று எடுத்த படங்கள் ஒரு தொகுப்பாக இருந்தன. ஒவ்வோர் ஏட்டுக்கும் நடுவே மெல்லிய பட்டுத்தாள் வைத்த அத்தொகுப்பும், எம் மனைவியாரின் கூறைச்சேலையும் ஒரே றங்குப்பெட்டியில் கிடந்தன.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த கதையை இந்நாட்டுத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த அச்சனத்திரளிலே நாமும் இருந்தோம். பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். எம் தாயாரைத் தாங்கிச் செல்லவும் இருவர் வேண்டும். ஆகவே பெட்டி வீட்டில் நின்றது. தாயார் எம்மோடு வந்தார். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை. படம் எடுத்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் சுவர்கள் மாத்திரமே நின்றன.

அதன்பின் பிறந்தவள் எம் மகள். தன் பெற்றோரின் மணக்கோலத்தை அவள் கண்டதேயில்லை. "கூறை என்ன நிறம், அம்மா?" என்று சிறுவயதில் அடிக்கடி கேட்பாள். கியோட்டோவில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கும் அவள், நாம் சென்று சேர்ந்த இரண்டாம் நாளே தன் எண்ணத்தை வெளியிட்டாள்.

"அப்பா, அம்மா, உங்கடை கலியாணப் படம் ஒண்டும் எங்களிட்டை இல்லை. இஞ்சை கிமோனோ உடுத்திப் படம் எடுக்கிற ஸ்டூடியோ நிறைய இருக்கு. பொம்பிளை மாப்பிள்ளை உடுப்பிலையே எடுப்பம். நான் நாளும் குறிச்சிட்டன்."

நாள் குறித்துவிட்ட பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல எம்மால் இயலவில்லை. எம் மனைவியார் மாத்திரம் ஒன்றும் பேசாதிருந்தார். அவர் பேசாதிருப்பது சம்மதம் என்று கொள்ளத்தக்கதன்று என்பதை 37 ஆண்டுகளில் நாம் அறிந்திருந்தோம்.

வளைவில்லாத ஆடை

கிமோனோ என்ற சொல்லுக்கு "உடுக்கும் பொருள்" என்பதே நேர்ப்பொருள். மேனாட்டு உடைகள் வந்து புகுந்த காலத்தில், அவற்றினின்றும் வேறாகத் தம் பழைய உடையைச் சுட்டும் சிறப்புப் பெயராக அப்பொதுச்சொல் நின்றுவிட்டது.

அதன் அமைப்பு கற்றுக்கொள்ளத் தக்கது. கிமோனோவுக்கென்று நெய்யப்படும் துணி ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒற்றைச் சுருள். அச்சுருளை நேர்கோட்டிலேயே வெட்டுவர். கழுத்துக்கென்றோ தோளுக்கென்றோ வளைத்து வெட்டுவதில்லை. கைகளுக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு, முன் ஓரங்களுக்கு இரண்டு, கழுத்துப்பட்டைக்கு இரண்டு என எட்டுத் துண்டுகளாக்கித் தைப்பர். வளைவு இல்லாததனால் துணியில் வீண் இல்லை. தையலைப் பிரித்தால் எட்டுத் துண்டுகளும் மீண்டும் ஒரே சுருளாக இணையும். முற்காலத்தில் நல்ல கிமோனோவைத் தோய்ப்பதே அவ்வாறுதான்: பிரித்து, சுருளாக்கித் தோய்த்து, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மறுபடி தைப்பர். தாயின் உடை மகளுக்கும், கிழிந்தபின் குழந்தைக்கும், அதன்பின் பைக்கும் பயன்படும்.

உடல் அளவுக்கு ஆடையைத் தைப்பது மேனாட்டார் வழக்கம். அளவில்லாத ஆடையை உடுத்தும் முறையால் உடலுக்குப் பொருத்துவது கிமோனோவின் வழக்கம். நம் சேலையும் வேட்டியும் இதே இனத்தவை. நெட்டையருக்கும் குட்டையருக்கும் ஒரே சேலை, வேறுபடுவது கட்டு. இவ்வொற்றுமையை முதலிற் கண்டுகொண்டவர் எம் மனைவியாரே. ஸ்டூடியோவின் அலுமாரியில் மடித்து அடுக்கியிருந்த கிமோனோக்களைப் பார்த்துவிட்டு, "சீலை மடிச்ச மாதிரியே சதுரமா மடிச்சு வைச்சிருக்கினம்" என்றார். அந்தக் காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வெள்ளையும் கறுப்பும்

உடுத்துவிப்பதற்கென்றே பயின்றவர்கள் அந்நாட்டில் உள்ளனர். யப்பானியர் பெரும்பாலானோர் இன்று அன்றாடம் மேனாட்டு உடையே அணிகின்றனர். பிள்ளைகளுக்கு மூன்று, ஐந்து, ஏழு வயதாகும் போது ஆலயம் செல்லும் நவம்பர் விழா, வயதுவந்தோர் நாள், திருமணம் ஆகிய நன்னாட்களில் மாத்திரமே கிமோனோ வெளிவருகின்றது. அதனைத் தாமே உடுத்தத் தெரியாதவர்கள் பலர். சொந்தமாக வைத்திராது வாடகைக்குப் பெறுவோரும் பலர். தம் நாட்டு உடையைத் தாமே இரவல் வாங்கும் நிலை அவர்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே, அந்த ஸ்டூடியோ எம்மைப் போன்ற பயணிகளுக்கென்றே அமைந்ததன்று. எமக்கு முன்னே அங்கு வந்திருந்தது ஓர் யப்பானியக் குடும்பம்.

எம்மை ஏற்றுக்கொண்டவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். மணப்பெண் உடை என்று மகள் முன்னரே சொல்லி வைத்திருந்ததால், அவர் முதலில் விரித்தது முழு வெள்ளைப் பட்டு. உள்ளாடை முதல் மேலங்கி வரை வெள்ளையன்றி வேறு நிறமில்லாத அவ்வுடை, அந்நாட்டு மணமகளின் மிக உயர்ந்த கோலம். ஆலயத்தில் தெய்வத்தின் முன் மணமுடிக்கும் வழக்கம் பரவியதற்கு, 1900ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த பட்டத்து இளவரசரின் திருமணம் பெருந்தூண்டுதலாயிற்று என்பர். அச்சடங்குக்கே உரிய உடையாக இன்று இவ்வெள்ளைக் கோலம் விளங்குகின்றது. புகுந்த வீட்டின் நிறத்தில் இனித் தோயப்போகும் துணி என்பது வெள்ளைக்கு அவர்கள் சொல்லும் பொருள்களில் ஒன்று.

பட்டிலே நெய்த கொக்குகள் வெண்மையிலே வெண்மையாக மின்னின. அழகில் குறையில்லை. ஆனால் எம் மனைவியார் ஓரடி பின்வாங்கினார்.

"பிள்ளை, வெள்ளை எனக்கு வேண்டாம். அப்பா பக்கத்திலை நிக்கேக்கை நான் வெள்ளை உடுக்க மாட்டன்."

மகள் அதனை மொழிபெயர்த்துச் சொன்னாள். நம் நாட்டிலே வெள்ளைச் சேலை யாருக்குரியதாய் இருந்தது என்பதையும் விளக்கினாள். அம்மையார் உடனே விளங்கிக்கொண்டார். இறந்தோருக்கு இறுதியில் உடுத்துவதும் தம் நாட்டில் வெள்ளையே என்று கூறி அதனை மடித்து வைத்தார். அடுத்து, செந்நிறப் பட்டிலே பொன்னிழையால் மலரும் பறவையும் எழுதிய மேலங்கி வந்தது. அதுவும் மணமகளுக்குரியதே; சடங்குக்குப்பின் விருந்தில் அணிவது. கூறைச்சேலையின் சிவப்பு அதில் இருந்தது. மகளின் முகம் மலர்ந்தது.

எம் மனைவியார் அதனை நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். பின்னர் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"நாங்கள் என்ன புதுப் பொம்பிளை மாப்பிள்ளையே? அந்தப் படம் போனது போனதுதான். இதை உடுத்திப்போட்டு அதுதான் இது எண்டு சுவரிலை கொழுவலாமே? இந்த நாட்டிலை என்ரை வயசிலை இருக்கிற மனுசி, பிள்ளையை வளர்த்து ஆளாக்கின மனுசி, நல்ல நாளுக்கு என்ன உடுப்பா? அதை அந்த அம்மாவிட்டைக் கேள்."

மகள் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. பல மாதங்களாக அவள் கட்டிவைத்த ஆசை அது. இழந்த ஒரு பொருளைப் பெற்றோர் கையில் மீட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு, அது மீளாது என்று தாயே சொல்வதைக் கேட்பது எளிதன்று. எனினும் அவள் கேட்டதை அவ்வாறே மொழிபெயர்த்தாள். அதனைக் கேட்ட அம்மையார் எழுந்து, எம் மனைவியாரை நோக்கி ஆழ்ந்து குனிந்து வணங்கினார். அதுவரை வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையைச் செய்தவர், அப்போது செய்தது வேறு மரியாதை என்று எமக்குத் தோன்றியது.

மணமான பெண்களுக்குரிய விழாவுடைக்குத் தோமேசோதே என்று பெயர். மணமாகாத பெண்களின் உடையில் கைகள் முழங்காலுக்குக் கீழும் நீண்டு தொங்கும்; மணமானபின் கை குறுகும். குறுகி நின்ற கை என்பதே அப்பெயரின் பொருள். இடுப்புக்கு மேலே பூவேலை ஒன்றும் இராது; சித்திரமெல்லாம் கீழ்ப்புறத்தில் அமையும். இதில் மிக உயர்ந்தது கறுப்பு. அம்மையார் அதனை எடுக்க, "கறுப்போ?" என்றார் எம் மனைவியார். வெள்ளையும் ஆகாது, கறுப்பும் ஆகாது என்றால் என் செய்வது! அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். அதே தகுதியுடைய வண்ணத் தோமேசோதே ஒன்றை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தார். கத்தரிப்பூ நிறம். கீழ்ப்புறத்தில் பைன் மரங்களும் இரண்டு கொக்குகளும். கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. எம் மனைவியார் தலையசைத்தார்.

யாருக்கும் உரிய முத்திரை

இவ்விழாவுடைகளில் முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, கைகளின் பின்புறத்தில் இரண்டு என ஐந்து வெண்முத்திரைகள் பொறித்திருக்கும். அவை குடும்பச் சின்னங்கள். யப்பானியக் குடும்பங்கள் பரம்பரையாகப் பேணுவன. எம்மிடம் அத்தகைய சின்னம் ஏது? வாடகை உடைகளில் என்ன செய்வர் என்று மகளைக் கேட்டோம். அம்மையார் முதுகுப்புற முத்திரையைக் காட்டினார். கவுங் குற்றி போன்ற தண்டுகளில் நடுவே ஐந்து பூவும் இருபுறமும் மும்மூன்று பூவும் கொண்ட ஒரு மரத்தின் வடிவம். பௌலோனியா என்னும் மரம் அது. எவரும் அணியலாம் என்று பொதுவாக ஏற்கப்பட்ட முத்திரை இதுவென்றும், இரவல் உடைகளில் இதனையே பெரும்பாலும் பொறிப்பர் என்றும் அவர் விளக்கினார். குடும்பச் சின்னம் இல்லாதவனுக்கும் முதுகு வெறுமையாக இருத்தலாகாது என்று கருதிய மக்களின் பண்பை எண்ணி மகிழ்ந்தோம்.

அம்மையார் தாம் அணிந்திருந்தது கோடிட்ட சாதாரணப் பருத்திக் கிமோனோ. கோட்டுத் துணிக்கும் நமக்கும் ஒரு பழைய உறவுண்டு. சோழமண்டலக் கரையில் மயிலாப்பூரை அடுத்த குடியேற்றத்தைப் போர்த்துக்கேயர் சாந்தோம் என்றழைத்தனர். அக்கரையிலிருந்து கப்பலேறி வந்த மெல்லிய கோட்டுப் பருத்தியை யப்பானியர் "சந்தோமே" என்ற பெயராலேயே வழங்கினர். பின்னர் தம் நாட்டிலேயே அதனைப் போல நெய்யக் கற்றனர். தமிழ்க் கரையின் ஊர்ப்பெயர் யப்பானியத் துணிப்பெயராயிற்று. ஒரு நாட்டின் உடை முற்றிலும் அந்நாட்டிலேயே பிறந்தது என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

உடுத்தும் முறை

உடுத்தும் வேலை காலிலிருந்து தொடங்கியது. பெருவிரலுக்குத் தனியிடம் வைத்துத் தைத்த வெள்ளைக் காலுறையை முதலில் அணிவித்தனர். இடுப்பு இறுகியபின் குனிந்து காலைத் தொட இயலாது என்பதே காரணம். அதன்பின் உள்ளாடை. அதன்மேல் இடுப்பைச் சுற்றித் துவாய்களை மடித்துக் கட்டினர். மேனாட்டுடை இடையை ஒடுக்கிக் காட்டும். கிமோனோவோ உடலை ஒரு நேரான தூண்போல ஆக்கிய பின்னரே அதன்மேல் நன்றாகப் படியும்.

கழுத்துக்கு வந்தபோது அம்மையாரின் கை நின்றது. தாலிக்கொடியைக் கண்டுவிட்டார். கிமோனோவுடன் கழுத்தணி அணிவது அவர்கள் மரபன்று. எம் மனைவியாரின் கை தானாகவே கொடியைப் பற்றிக்கொண்டது. பெட்டியும் கூறையும் படமும் போன அந்த இரவிலே, கழுத்தோடு வந்தது அது ஒன்றே. மகள் விளக்கத் தொடங்கும் முன்னரே அம்மையார் ஏதோ சொன்னார். "கழற்ற வேண்டாமாம். கழுத்துப்பட்டைக்குள்ளை இருக்கட்டுமாம். வெளியிலை தெரியாட்டிலும் உங்களுக்குத் தெரியுந்தானே எண்டு சொல்லுறா" என்றாள் மகள். உள்ளங்கியின் வெண்பட்டையைச் சற்று உயர்த்தி, கொடியை உள்ளே அமர்த்தி, அதன்மேல் கிமோனோவைக் குறுக்கே மூடினார்.

மூடும் முறையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வலப்புற ஓரத்தை முதலில் உடலோடு சேர்த்து, இடப்புற ஓரத்தை அதன்மேல் மூடுதல் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதுவே விதி. மக்கள் அனைவரும் இவ்வாறே அணிய வேண்டும் என்று 719ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்தது. மாறி மூடுவது இறந்தவரின் உடலுக்கு மாத்திரமே. அங்கு செல்லும் நம் மாணவர்க்கு ஒரு சொல்: கைத்தொலைபேசியில் தம்மைத் தாமே எடுக்கும் படம் சில வேளைகளில் கண்ணாடி விம்பம்போல் இடம்வலம் மாறிப் பதியும். உடையைச் சரியாக அணிந்தும், படத்தில் பிணக்கோலமாகத் தோன்ற நேரும். அனுப்புமுன் பார்த்துக்கொள்க.

நீளம் மிகுந்த உடையை இடுப்பிலே மடித்து, மடிப்பைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் "ஒபி" என்னும் அகன்ற கச்சையைச் சுற்றினர். அது 30 சென்ரிமீற்றர் அகலமும் 4 மீற்றருக்கு மேல் நீளமும் கொண்ட கனத்த நெசவு. கியோட்டோவின் நிஷிஜின் பகுதி இத்தகைய நெசவுக்குப் பேர்போனது. நிஷிஜின் என்றால் மேற்குப் பாசறை. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரிலே ஒரு படையின் பாசறை அங்கு இருந்தது. போரால் சிதறி ஓடிய நெசவாளர்கள் போர் ஓய்ந்ததும் திரும்பி வந்து அப்பாசறை நிலத்திலே தறியை நட்டனர். பாசறையின் பெயர் பட்டின் பெயராயிற்று. இதனைக் கேட்டபோது எமக்கு எம் ஊர் நினைவு வந்தது. திரும்பி வந்து தொழிலைத் தொடங்குவோரே ஓர் ஊரை மறுபடி ஊராக்குகின்றனர்.

எம் உடை விரைவில் முடிந்தது. கறுத்தக் கிமோனோ, கோடிட்ட மடிப்புப் பாவாடை போன்ற ஹக்கமா, மேலே ஐந்து முத்திரை கொண்ட கறுத்த மேலங்கி. ஆண்களின் கச்சை ஒடுங்கியது. வயிற்றுக்குக் கீழே இறங்கிக் கட்டப்படுவது. சற்று வயிறு தள்ளியவனுக்கே கிமோனோ அழகு என்பதால், மெலிந்த எம் வயிற்றின் மேல் இரண்டு துவாய்களை வைத்துக் கட்டினர். திரைக்கு அப்பாலிருந்து வந்த எம் மனைவியார் பார்த்துவிட்டு, "முப்பத்தேழு வருசம் சோறு போட்டும் வராத வண்டி இப்ப வந்திட்டுது" என்றார். மொழி விளங்காத அம்மையாரும் சேர்ந்து சிரித்தார்.

தகுமா, தகாதா?

பிறர் உடையை அணிந்து படமெடுத்தல் புதிதன்று. 1860களில் யொக்கஹாமா துறைமுகத்திலே புகைப்பட நிலையங்கள் தோன்றின. 1871 முதல் 1873 வரை யப்பானில் வாழ்ந்த சார்ள்ஸ் லோங்ஃபெலோ என்பவர், அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோவின் மைந்தர், யப்பானிய உடையிலே படமெடுத்துக்கொண்டார். அதே காலத்தில் எதிர்த்திசையிலும் உடை மாறியது. 1872இல் பழைய அரசவை உடையில் படமெடுத்த மெய்ஜி பேரரசர், மறு ஆண்டிலே மேனாட்டு இராணுவ உடையில் படமெடுத்தார். முன்னவருக்கு அது விருப்பம். பின்னவருக்கு அது அரசியல். தம் நாட்டை மேனாடுகள் சமமாக மதிக்க வேண்டுமாயின் அவர்கள் உடையிலே தோன்ற வேண்டும் என்ற நெருக்கடி அன்றிருந்தது.

ஓவியர் மொனே 1876ஆம் ஆண்டிலே தம் மனைவி கமீலைச் செந்நிற யப்பானிய மேலங்கியில் நிறுத்தி, கையில் விசிறி கொடுத்து, பொன்னிறப் பொய்முடி அணிவித்துத் தீட்டினார். இவ்வோவியம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. 2015ஆம் ஆண்டிலே, அதே போன்ற அங்கியைப் பார்வையாளரும் அணிந்து ஓவியத்தின் முன் நின்று படமெடுக்கலாம் என்று அக்கலைக்கூடம் அழைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு மக்களின் பண்பாட்டை வேடிக்கைப் பொருளாக்குவதாகும் இது என்றனர் சிலர். அணிவதில் இழிவில்லை, எம் உடையைப் பிறர் அணிவதை வரவேற்கிறோம் என்று கிமோனோ உடுத்தே வந்து நின்றனர் வேறு சிலர். முடிவில், அணிவதை நிறுத்தி, தொட்டுப் பார்க்க மாத்திரம் கலைக்கூடம் இடமளித்தது.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும், அணிவதா இல்லையா என்பதைவிட, யாரிடம் கேட்டு அணிகின்றோம் என்பதே பெரிது என்பது எம் கருத்து. அந்த அங்கி எவருக்குரியது, எந்நாளுக்குரியது, எவ்வயதுக்குரியது என்று கேளாமல் தோளிற் போட்டுக்கொள்பவன் வேடம் புனைகிறான். கேட்டு, அவர்கள் கையாலேயே உடுத்தப்பெற்று, அவர்கள் விதிக்கு அமைந்து நிற்பவன் விருந்தினன். உடையை இரவல் வாங்கலாம். வயதையும் வாழ்க்கையையும் இரவல் வாங்கலாகாது.

கமராவின் முன்

படப்பிடிப்பாளர் இளைஞர். சிரிக்கும்படி அவர் கேட்கவில்லை. எம் மனைவியாரைக் கதிரையில் இருத்தி, கால் நுனிகளைச் சற்று உள்நோக்கி வைக்கச் செய்து, வலக்கையின்மேல் இடக்கையை வைத்து விரல்களை மறைத்தார். எம்மைப் பக்கத்தில் நிறுத்தி வெண்விசிறி ஒன்றைக் கையிற் கொடுத்தார். அம்மையார் மண்டியிட்டு, உடையின் கீழோரத்தில் கொக்கின் சிறகு மடிப்பில் மறையாதபடி நீவிவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் முன் அவர் அவ்வாறு வந்து மண்டியிட்டார். கச்சை இறுகியிருந்ததால் வளைய இயலாது. முதுகு தானே நிமிர்ந்தது. வேலையிலும் விறகிலும் அகதி முகாமிலும் வளைந்த முதுகு ஒன்று, பட்டுக் கயிற்றுக்குள் நிமிர்ந்திருப்பதை ஓரக்கண்ணாற் கண்டோம்.

படம் முடிந்து உடைகளைக் களைந்தபின், எம் மனைவியார் தாம் கட்டி வந்த சேலையைத் திரும்பக் கட்டலானார். ஐந்தரை மீற்றர்ச் சேலை. அம்மையார் பக்கத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு எங்கே, துவாய் எங்கே, உதவிக்கு ஆள் எங்கே என்று அவருக்கு ஒரே வியப்பு. விரல்களுக்கு நடுவே கொய்யகம் மடிந்து வருவதைக் கண்டதும் கிட்ட வந்து, மடிப்புகளை ஒன்று, இரண்டு என்று தம் மொழியில் எண்ணினார். மறுபடி செய்து காட்டச் சொன்னார். எம் மனைவியார் கட்டிய சேலையை அவிழ்த்துப் புதிதாக மடித்துக் காட்டினார். பின்னர் அம்மையாரின் இடுப்பிலேயே, அந்தக் கோடிட்ட பருத்தியின் மேலேயே, சேலையைச் சுற்றிக் கொய்யகம் வைத்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. கைகள் பேசிக்கொண்டன.

அதனைக் கண்ட இளைஞர், கேளாமலே கமராவை எடுத்து வந்தார். சேலையிலும் சால்வையிலும் எம்மை அதே கதிரையருகே நிறுத்தி மற்றுமொரு படம் எடுத்துத் தந்தார். மகளும் இம்முறை எம்மோடு வந்து நின்றாள்.

இரு படங்களும் இப்போது எம் வீட்டில் உள்ளன. கிமோனோப் படத்தைக் காண்போர் சிரிப்பர், உற்றுப் பார்ப்பர், பின்னர், "அக்கா நல்ல வடிவாய் இருக்கிறா" என்பர். அவர் கழுத்துப்பட்டைக்குள்ளே இருப்பது என்னவென்று படத்தில் தெரியாது. கலியாணப் படத்துக்குரிய இடம் சுவரில் வெறுமையாகவே இருக்கின்றது. அவ்விடத்தில் எதனையும் கொழுவ எம் மனைவியார் சம்மதிக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, அயல்நாட்டு உடையை உடுத்த வாய்த்தால் மகிழ்ந்து உடுத்துங்கள். முதலிற் கேட்டு, பின்னர் உடுத்துங்கள். அந்நாட்டார் உங்கள் உடையைக் கற்க விரும்பினால் பொறுமையாகக் கட்டிக் காட்டுங்கள். அதனைவிட முந்திச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பெரியோரை, அவர்கள் தாமாகவே விரும்பி உடுத்தும் உடையில், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு படம் எடுங்கள். அதற்கு இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.